முதல் கவளத்திலிருந்து ஒரு மணி நேரம்

முதல் கவளம் வாய்க்குள் போனபோது மணி ஒன்று நாற்பது. கடைசிக் கவளம் இல்லை, முதல் கவளம், அங்கிருந்துதான் நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று நர்ஸ் ஹெதர் மூன்று தடவை சொல்லியிருந்தாள், மூன்று தடவையும் சுபலட்சுமி தலையை ஆட்டியிருந்தாள். அப்படியானால் இரண்டு நாற்பதுக்கு. இரண்டு நாற்பதுக்கு விரலில் குத்த வேண்டும், மூன்று மணிக்கு ஹெதர் போன் செய்வாள், போனில் இந்த வாரத்து எண்களையெல்லாம் வரிசையாகப் படித்துக் காட்ட வேண்டும். இப்போது இரண்டு ஐந்து. சுபலட்சுமி நாலாவது மாடியின் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. சாப்பிட்டதும் கொஞ்சம் நட, அது மருந்து மாதிரி வேலை செய்யும் என்று ஹெதர் சொன்னபோது எங்கே நடப்பது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை, அவள் எதைத்தான் கேட்டிருக்கிறாள். ரெஜைனாவில் பிப்ரவரி மாதம் நடப்பதற்கு இருக்கும் ஒரே தெரு இந்தத் தாழ்வாரம்தான், இந்தப் பக்கம் ஏழு கதவு, அந்தப் பக்கம் ஏழு கதவு, காப்பிக் கறை படிந்த கம்பளம், இந்தக் கோடியில் லிஃப்ட், அந்தக் கோடியில் மாடிப்படிக் கதவு, அதன் மேலே எப்போதும் எரிகிற சிவப்பு எழுத்து. நடந்தால் வளையல் சத்தம் போடும். வலது கையில் பதினொன்று, இடது கையில் பத்து, நேற்றுப் போட்டது, பிரசவம் வரை கழற்றக் கூடாது. வயிற்றில் இருக்கிறதுக்குக் கேட்கட்டும் என்றுதான் கண்ணாடி வளையல் போடுகிறார்கள். அதற்குக் கேட்கிறதோ இல்லையோ, மாமியாருக்குக் கேட்கிறது, அத்தைக்கு. சமையலறையில் நின்றாலும், மிளகாய் வறுத்தாலும், டிவியில் சீரியல் ஓடினாலும் கேட்கிறது. இவள் எந்த அறையில் இருக்கிறாள், உட்கார்ந்திருக்கிறாளா நிற்கிறாளா, ஃபிரிட்ஜைத் திறக்கிறாளா, எல்லாம் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடுகிறது. காலையில் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விரலில் குத்தும்போது வெளியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, உள்ள என்ன கொலுவா வச்சிருக்க? இந்தச் சத்தம் கேக்கு!" முகம் கழுவுகிறேன் என்றாள். முகம் கழுவுவதற்கும் விரலில் குத்துவதற்கும் ஒரே சத்தம் வராது என்பது அத்தைக்குத் தெரியாமலா இருக்கும்.

அதனால்தான் இன்றைக்குச் சுகர் பார்க்கும் கருவி இருக்கும் அந்தச் சின்னப் பை ஸ்வெட்டரின் இடது பாக்கெட்டில் இருக்கிறது. போன் வலது பாக்கெட்டில், இரண்டு நாற்பதுக்கு அலாரம், மணியடிக்காமல் அதிர மட்டும் வைத்தது. இரண்டு நாற்பது ஆனதும் மாடிப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட வேண்டும், அங்கே குளிரும், ஆனால் யாரும் வர மாட்டார்கள், படியில் உட்கார்ந்து, குத்தி, பார்த்து, பஞ்சைப் பைக்குள் போட்டு, திரும்பி வந்துவிட வேண்டும். ஏழு புள்ளி எட்டுக்குக் கீழே வர வேண்டும். இந்த வாரம் ஏற்கெனவே இரண்டு தடவை தாண்டிவிட்டது, ஒரு வாரத்தில் மூன்று தாண்டினால் இன்சுலின் ஆரம்பித்துவிடலாம் என்று ஹெதர் போன வாரமே சொல்லிவிட்டாள், அதை அவள் சொன்ன விதம் ஏதோ புதிதாக ஒரு தையல் வகுப்பு ஆரம்பிக்கலாம் என்பது போல இருந்தது. இரண்டு என்பது நேற்றைச் சேர்க்காமல். நேற்றைச் சேர்த்தால் மூன்று. நேற்றைய கட்டம் நோட்டில் காலியாக இருக்கிறது. நேற்று வளைகாப்பு. கீழே இருக்கும் பொது அறையைக் கணவன் ரத்தினவேல் மூன்று மணி நேரத்துக்கு எடுத்திருந்தான், ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்பது பெண்கள் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு சாதம், புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை, தக்காளி, தயிர், எள்ளு, சர்க்கரைப் பொங்கல் அத்தையின் கையால். தூத்துக்குடியிலிருந்து அத்தை பெட்டிக்குள் வேப்பங்காப்பு கூடக் கொண்டுவந்திருந்தாள், துண்டில் சுற்றி, அது விமானத்திலேயே காய்ந்து போய்க் கையில் மாட்டும்போது பொடிப்பொடியாய் உதிர்ந்தது, எல்லோரும் சிரித்தார்கள். ஒவ்வொருவரும் கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டு, ஒரு வாய் ஊட்டினார்கள். ஒரு வாய். ஒன்பது பேர், ஒரு வாய், பிறகு அத்தை. வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா, நாற்காலியில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு, எனக்குச் சுகர் இருக்கிறது என்று சொல்ல முடியுமா, சந்தனம் காய்ந்து கன்னம் இழுத்துக்கொண்டிருக்கும்போது? திறந்தாள். விழுங்கினாள். ஒரு மணி நேரம் கழித்துக் கீழேயே பாத்ரூமில் பார்த்தாள், பதினொன்று புள்ளி இரண்டு. திரும்பவும் பார்த்தாள். பதினொன்று புள்ளி நாலு. நோட்டில் எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, அந்தக் கருவி ஞாபகம் வைத்திருக்கும், அடுத்த வாரம் ஹெதர் அதை ஒரு கம்பியில் சொருகி எல்லாவற்றையும் எடுத்துவிடுவாள். ஆனால் அது அடுத்த வாரம். அடுத்த வாரம் என்பது முப்பத்து நாலு வாரம். ஒரு வாரம் தள்ளிப் போட்டால் ஊசி ஒரு வாரம் குறைவு.

நானூற்றி ஏழின் வாசலில் ஒரு ஹாக்கி மட்டை சாய்ந்திருந்தது. நானூற்றி ஒன்பதிலிருந்து ஏதோ இறைச்சி வேகும் வாசனை. இது ஆறாவது நடை. இன்றைக்குச் சாப்பாட்டில் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்தாள், முதலில் கீரை சாப்பிட்டாள், பிறகு மீன், பிறகுதான் சாதம், ஹெதர் சொன்ன வரிசையில். ஒரு கைப்பிடி அளவுதான் சாதம் என்று தாளில் படம் போட்டிருந்தது, அந்தத் தாளில் இட்லி இல்லை, தோசை இல்லை, ஓட்ஸும் டார்ட்டியா ரொட்டியும்தான் இருந்தன, மூடிய முஷ்டியின் படத்துக்குக் கீழே அரிசி என்று போட்டிருந்தது. முஷ்டி அளவு போட்டுக்கொண்டாள். அத்தை அதைப் பார்த்தாள். "இது என்ன, காக்காய்க்கு வச்ச மாதிரி?" நேற்று மிஞ்சின தேங்காய் சாதம் ஒரு கரண்டி விழுந்தது, பிறகு சர்க்கரைப் பொங்கல், "ஒரே ஒரு ஸ்பூன்டி, உடன்குடிக் கருப்பட்டி, சீனிகூட இல்ல, புள்ள கேக்கும்லா." கருப்பட்டியும் சர்க்கரைதான் அத்தை. சொல்லவில்லை. அந்த வாக்கியம் நாக்கு வரை வந்து, மீன் முள் மாதிரி அங்கேயே குறுக்கே நின்றுவிட்டது. அத்தை எதிரே உட்கார்ந்து இவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் அரைக் கரண்டிச் சோறுதான், பொங்கல் கிடையாது. அத்தைதான் இனிப்பை விட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்றே, திருச்செந்தூர் முருகனுக்கு வேண்டுதல், காப்பிக்குக்கூடச் சீனி போட மாட்டாள், வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள், பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகுதான் நாக்கில் இனிப்பு. அவள் கும்பிடும் அந்தப் பிள்ளைக்காக இவள் இரண்டாவது ஸ்பூனையும் விழுங்கினாள். யாருக்காக யார் எதை விடுகிறார்கள், யாருக்காக யார் எதைத் தின்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. உள்ளே அது விக்கிக்கொண்டிருந்தது, சீராக, கடிகாரம் மாதிரி, தின்ற சர்க்கரையெல்லாம் கொடியின் வழியாக நேரே அதற்குத்தான் போகும் என்று ஹெதர் சொல்லியிருந்தாள், அது கொழுக்கும், தோள் பெரிதாகும், வரும்போது மாட்டிக்கொள்ளலாம், வந்த பிறகு சர்க்கரை சட்டென்று இறங்கி நடுங்கலாம், குழாய் போட வேண்டிவரலாம். லாம், லாம், லாம். ஒவ்வொன்றையும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு, இது உன் தப்பில்லை என்றாள். உன் நஞ்சுக்கொடி செய்கிற வேலை, உங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக வரும். உங்கள் பக்கம் என்றால் விருதுநகரா, தூத்துக்குடியா? அவள் காட்டிய கட்டத்தில் தெற்காசியர் என்று இருந்தது. இங்கே வரும்வரை அப்படி ஒன்றாக இவள் இருந்ததே இல்லை. காத்திருக்கும் அறையில் ஒரு பஞ்சாபிப் பெண்ணும் ஒரு வங்காளப் பெண்ணும் சோதனைக்குக் குடிக்கத் தரும் ஆரஞ்சு நிறச் சர்க்கரைத் திரவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் ஒரே சுவரைப் பார்த்தார்கள், பிடிபட்டவர்கள் மாதிரி.

வேறு ஒரு கட்டமும் இருந்தது. பெற்றோருக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ நீரிழிவு உண்டா. ஆம், இல்லை. பக்கத்தில் ரத்தினவேல் உட்கார்ந்து, தோளோடு தோள் உரச, அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சுபலட்சுமி இல்லை என்பதில் ஒரு குறி போட்டாள். சின்னக் குறிதான், பேனா தாளில் பட்டதுகூடத் தெரியவில்லை. பிறகு முடிவு வந்த அன்று அவன் சிரித்தான், பயத்தை மறைக்க அவன் சிரிப்பது வழக்கம். "நம்ம ரெண்டு வீட்லயும் சுகரே கிடையாதே, இது எங்கருந்து வந்துச்சு? இந்த ஊர்த் தண்ணியா?" தண்ணிதான் என்றாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. எங்க வம்சத்துலயே கிடையாதும்பா, ஊர் பூரா போன் போட்ருவா, உன்னை ஒரு வாய் நிம்மதியாத் திங்க விடமாட்டா." அதைக் கேட்டபோது நிம்மதியாக இருந்தது, அதுதான் அவமானம். அத்தைக்குத் தெரிந்தால் முதல் கேள்வி, உங்க வீட்ல யாருக்கு என்பதாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு. அப்பாவுக்குத்தான் அத்தை. ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் குழிகளில் முதல் குழியில் அவருடைய இன்சுலின் குப்பி இருக்கும். அதைக் குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும், பால் கலந்த மாதிரி ஆகும்வரை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அது இவளுடைய வேலை. அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம். அப்பா தாலுகா ஆபீசுக்குப் போகிற அவசரத்திலும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நிற்பார், "டாக்டரம்மா வந்தாச்சா?" என்பார், இவள் சதையைக் கிள்ளிப் பிடிப்பாள், ஸ்பிரிட் வாசனை, அவர் வாயால் ஒண்ணு ரெண்டு என்று எண்ணுவார், மூணு சொல்வதற்குள் முடிந்துவிடும். கைராசி என்பார். அந்தக் கைராசி முதலில் ஒரு விரலைக் காப்பாற்றவில்லை, பிறகு பாதத்தை, பிறகு அவள் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஆளையே காப்பாற்றவில்லை. ஐம்பத்தொரு வயது. ஊசி ஆரம்பித்தால் அது ஒரு பாதை, அதன் கடைசியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், நடையில் கிடந்த கட்டிலில் ஒரு காலைத் தொங்கவிட்டு, இன்னொரு பாதம் இருந்த இடத்தைச் சொறியப் போய், கையை நடுவில் நிறுத்திக்கொண்டு சிரித்த ஒருவர் இருக்கிறார். இது அது இல்லை, குழந்தை பிறந்ததும் போய்விடும், வேறு விதமானது என்று ஹெதர் சொன்னாள். ஹெதர் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லை.

பெண் பார்க்க வந்தபோது அத்தை நேராகவே கேட்டாள். "பொண்ணோட அப்பா எதுல தவறுனாவ? சுகர் கிகர்…?" அம்மா கேசரித் தட்டை நீட்டியபடி, ஒரு நொடிகூட யோசிக்காமல், ஹார்ட் என்றாள். அன்று காலையில்தான் ஃபிரிட்ஜ் கதவைச் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள், குப்பி போய் மூன்று வருஷம் ஆகியும் அந்தக் குழியில் ஒரு வட்டம் இருந்தது, போகவேயில்லை. அத்தை கேசரியை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை இனிப்புத் தொடுவதில்லை என்றாள், அம்மா பதறிப்போய், சம்பந்தம் கூடி வராதோ என்று பதறிப்போய், காரம் எடுத்துவர உள்ளே ஓடினாள். நேற்று வளைகாப்பை அம்மா போனில்தான் பார்த்தாள், அவளுக்கு விசா கிடைக்கவில்லை, முகத்தை ரொம்பக் கிட்டே வைத்துக்கொண்டு, நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிய. போன் கைமாறி இவளிடம் வந்த ஒரு நிமிஷத்தில் தொண்டைக்குள் கேட்டாள், சொல்லிட்டியா? இல்ல. சொல்லாத. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டிய நாளில் தாய் கொடுத்தது அந்த ஒரு சொல். சொல்லாத. இந்தக் கோடியில் லிஃப்ட், அந்தக் கோடியில் சிவப்பு எழுத்து, பதினாலு கதவு, ஒன்றுக்குப் பின்னாலும் போக முடியாது, ஒன்று மட்டும் தன்னுடையது, அதற்குப் பின்னால் அத்தை. இரண்டு இருபத்திரண்டு. வாயில் கருப்பட்டி இன்னும் இருந்தது, எங்கோ கடைவாய்ப் பல்லின் இடுக்கில், தித்திப்பாக, காட்டிக்கொடுப்பதற்கென்றே உட்கார்ந்திருந்தது.

கதவு திறந்தது. அத்தை தங்கபுஷ்பம் வெளியே வந்தாள், சேலைக்கு மேல் ரத்தினவேலின் குளிர்க்கோட்டு, காலில் ஹவாய்ச் செருப்பு, தலையில் மஃப்ளர். "ஒத்தையில எத்தனை நேரம்தான் நடப்ப, நானும் வாரேன். நடந்தாத்தான் சொகப் பிரசவம்" என்றபடி கதவை இழுத்துச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். சுபலட்சுமிக்கு அந்தச் சத்தம் முதுகுத்தண்டில் கேட்டது.

"அத்தை, சாவி?"

"சாவியா? உள்ளதான் கெடக்கும். ஏன், தட்டுனா தெறக்க மாட்டாவளா?"

"யாரு திறப்பா அத்தை, நாம ரெண்டு பேருமே வெளியில இருக்கோமே."

தங்கபுஷ்பம் கதவைப் பார்த்தாள், கைப்பிடியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். "நல்ல ஊருட்டி இது. வீட்டுக்காரியவே உள்ள விடமாட்டங்கு."

ரத்தினவேல் போனை எடுக்கவில்லை, மீட்டிங்கில் இருப்பான். கட்டட மேலாளர் அரை மணி நேரத்தில் வருகிறேன் என்றார். அரை மணி. இரண்டு ஐம்பத்தைந்து. கணக்கு தலைக்குள் ஓடி ஓடிச் சுவரில் முட்டியது. குளியலறை பூட்டின கதவுக்குப் பின்னால். மாடிப்படிக்குப் போகலாம், ஆனால் அத்தை வருவாள், நிழல் மாதிரி, ஹவாய்ச் செருப்புச் சத்தத்தோடு, எங்கட்டி போற என்று. பார்க்காமல் விட்டுவிடலாம். பார்க்காத எண் உயராது. அப்படித்தான் அப்பாவும் ஒரு வருஷம் பார்க்காமல் இருந்தார். இருவரும் நடந்தார்கள். அத்தை ரெஜைனாவில் காக்கா இல்லாததைப் பற்றிப் பேசினாள், எள்ளு சாதம் கொண்டுவந்த பெண்ணுக்கு உப்புப் போடத் தெரியாததைப் பற்றிப் பேசினாள், சுபலட்சுமி உம் உம் என்றாள், வளையல்கள் இவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தன. ஹாக்கி மட்டை வந்தது, போனது. திரும்ப வந்தது. பாக்கெட்டுக்குள் கை போய்ப் பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. குழந்தை விக்குவதை நிறுத்தியிருந்தது, அதுவும் காத்திருக்கிற மாதிரி. ஏன் நின்றது? இவ்வளவு நேரம் விக்கியது ஏன் நின்றது? உதைக்கவும் இல்லை. ஒரு உதை கொடு. லிஃப்ட் வரை போவதற்குள் ஒன்று. கொடுக்கவில்லை. வயிற்றின் பக்கவாட்டில் அழுத்தினாள், ஒன்றுமில்லை, இன்னும் அழுத்தினாள், அப்போது வலது தொடையில் போன் அதிர்ந்தது, அதிர்ந்துகொண்டே இருந்தது, ஒரு நொடி அதைக் குழந்தை என்றே நினைத்தாள். இரண்டு நாற்பது.

நின்றுவிட்டாள். நின்றதும் வளையலும் நின்றது, தாழ்வாரம் திடீரென்று பெரிதாக இருந்தது. நானூற்றி ஏழின் சுவரோரமாகக் கம்பளத்தில் மெல்ல உட்கார்ந்தாள், முழங்காலை மடக்க முடியாமல், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. "என்னட்டி, வலிக்கா? ஏ சுபா!" இல்லை என்று தலையை ஆட்டினாள். பையின் ஜிப்பை இழுத்தாள். கருவியில் பட்டையைச் சொருகினாள், பேனா மாதிரி இருந்ததை விரலில் வைத்து அழுத்தினாள். அழுத்திய கையின் பதினொரு வளையலும் சத்தம் போட்டன. யாரையும் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்தாள். ஒரு சொட்டு எழும்பியது, கறுப்பாக, உருண்டையாக.

"கை கழுவலல்லா" என்றாள் தங்கபுஷ்பம்.

சுபலட்சுமி நிமிர்ந்தாள்.

"அது வேண்டாம். முதச் சொட்டத் தொடச்சிப் போடு. ரெண்டாவது சொட்ட எடு." அத்தை கோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், இவளுடைய விரலைத் தன் கைக்குள் வாங்கி, முந்தானையால் ஒற்றி, அடியிலிருந்து நுனிவரை நிதானமாக உருவினாள், மாட்டுக் காம்பை உருவுகிற மாதிரி. "விரல் நுனிக்கு நடுவுல குத்துதியே, அங்க குத்துனா வலிக்கத்தான் செய்யும். ஓரத்துல குத்தணும். யாரும் சொல்லித் தரலையா?" இரண்டாவது சொட்டு வந்தது. பட்டை அதை உறிஞ்சியது. ஐந்து, நாலு, மூன்று என்று கருவி எண்ணியது, மூணு சொல்வதற்குள் முடிந்துவிடும், ஒண்ணு. எட்டு புள்ளி ஒன்பது.

"இது என்ன எட்டு?" தங்கபுஷ்பம் கருவியைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினாள். "எட்டுன்னா ஆளு இந்நேரம் போய்ச் சேந்திருக்கணும்லா? மிஷின் கெட்டுப் போச்சா?"

"இந்த ஊர்க் கணக்கு வேற அத்தை. பதினெட்டால பெருக்கணும். நூத்தி அறுபது."

"நூத்தி அறுவதா!" அத்தை மூச்சை விட்டாள். "எனக்கு நூத்தி அறுவதுன்னா அன்னைக்குத் தீவாளி."

எனக்கு என்று சொன்னாள். சீனி போடாத காப்பி, அரைக் கரண்டிச் சோறு, செவ்வாய்க்கிழமை, பிரஷர் மாத்திரை என்று சொல்லி விழுங்கும் வெள்ளை மாத்திரை, எல்லாம் எத்தனை நாளாகக் கண்முன்னே இருந்தன, ஒவ்வொன்றையும் பார்த்திருந்தாள், பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை அவளுக்கு, ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கவேயில்லை.

"வேண்டுதல்னு சொன்னீங்களே அத்தை."

"வேண்டுதலும்தான்." தங்கபுஷ்பம் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒம்பது வருசம் ஆச்சி. ரத்தினத்துக்குத் தெரியாது. அவனுக்குப் பொண்ணு தேடுன சமயம், சுகர்க்காரி மவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? உங்க அம்மைட்ட நான் கேட்டேம்லா, சுகர் உண்டான்னு. கேட்டுட்டு எனக்கே நாக்கு கூசிப்போச்சு." பிறகு இவள் வயிற்றைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே முகம் மாறியது. "அடப் பாவி மட்டை, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான்ல உனக்கு வடிச்சி வடிச்சிக் கொட்டுனேன். என்னால திங்க முடியல, நீயாவது திங்கட்டும்னுல்லா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து அந்தப் பொங்கல…" பேச்சை விழுங்கினாள். முந்தானையில் இவளுடைய ரத்தம் ஒரு புள்ளியாக இருந்தது.

இப்போது சொல்ல வேண்டும். இதுதான் இடம், இதைவிட நல்ல இடம் வராது, அத்தை தானே கதவைத் திறந்து விட்டிருக்கிறாள், உள்ளே நுழைய வேண்டியதுதான், எங்கப்பாவுக்கும்தான் அத்தை, ஹார்ட் இல்ல. ஆனால் அது அம்மாவின் பொய், அம்மாவின் முகம், நெற்றியும் ஒரு கண்ணும். அத்தை தன் குற்றத்தைச் சொன்னாள், இவள் சொல்லப்போவது அம்மாவுடையதை. வாயைத் திறந்தாள். மீன் முள் அசையவில்லை.

"ரத்தினத்துட்ட நீயும் சொல்லிராத" என்றாள் தங்கபுஷ்பம், இவளுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "எனக்கு இருக்குதுன்னு. மருமவகிட்டத்தான் சொன்னேன்."

ஆக இன்னொன்று. அவனுடைய ரகசியம் அத்தையிடமிருந்து, அத்தையுடையது அவனிடமிருந்து, அம்மாவுடையது இரண்டு பேரிடமிருந்தும், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இவள் ஒருத்தி, முட்டைக் குழிகளில் வரிசையாக வைத்து, கதவைச் சாத்தி. இரண்டு பக்கமும் சுகர் இருக்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நடுவில் இது, இன்னும் முகம்கூட இல்லாதது. சரியாக அந்த நேரத்தில் அது உதைத்தது, விலாவுக்குக் கீழே, பலமாக, கோபம் மாதிரி, அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூன்று ஆவதற்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே ஹெதரின் போன் வந்தது. லிஃப்டின் பக்கம் இன்னும் யாரும் வரவில்லை. இங்கேதான், கம்பளத்தில், அத்தையின் முன்னால்தான். சுபலட்சுமி பையிலிருந்து நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு திங்கள் முதல் ஆங்கிலத்தில் படித்தாள், தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. நேற்றைய கட்டம் வந்தது. காலியாக, வெள்ளையாக. பேனாவைத் தேடாமலே சொன்னாள், பதினொன்று புள்ளி இரண்டு. இன்று எட்டு புள்ளி ஒன்பது. அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். ஹெதர் திட்டவில்லை. சரி சுபா, நாளைக்கு வா, இன்சுலின் ஊசி பேனா மாதிரிதான் இருக்கும், நான் காட்டித் தருகிறேன், பயப்படாதே என்றாள். எனக்குத் தெரியும் என்றாள் சுபலட்சுமி. எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது. ஸ்பிரிட் வாசனை வந்தது, இந்தத் தாழ்வாரத்தில், எங்கிருந்தோ. ஒண்ணு. ரெண்டு.

"ஃபாரத்தில் ஒரு இடம் தப்பாகக் குறி போட்டுவிட்டேன்" என்றாள் ஆங்கிலத்தில். "என் அப்பாவுக்கு இருந்தது. டயாபெடிஸ். நான்தான் அவருக்கு ஊசி போட்டேன்."

தங்கபுஷ்பத்துக்கு ஆங்கிலம் தெரியாது. ஃபாதர் தெரியும். டயாபெடிஸ் நன்றாகத் தெரியும். இவளுடைய கையைப் பிடித்திருந்த பிடி ஒரு தடவை தளர்ந்தது. முழுவதுமாக விடவில்லை. கேசரித் தட்டும், செவ்வாய்க்கிழமையும், ஹார்ட்டும் அந்த முகத்தில் ஒன்றன் பின் ஒன்றாகப் போவதைச் சுபலட்சுமி பார்த்துக்கொண்டிருந்தாள், பார்வையை எடுக்காமல். என்ன வரப்போகிறது என்று தெரியவில்லை. அத்தையின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாமல். "உங்க அம்ம" என்றாள் மெதுவாக, "எம்புட்டு வேகமாச் சொன்னா. ஹார்ட்டுன்னு."

சொன்னதற்கு நன்றி, குறித்துக்கொள்கிறேன் என்று ஹெதர் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம், கேட்கிறதோடு கேட்டுவிடுகிறேன், குழந்தையின் அப்பா வீட்டில்? அந்தப் பக்கம் யாருக்காவது?

சுபலட்சுமி போனைக் காதிலிருந்து எடுத்தாள். "அத்தை, உங்க வீட்ல யாருக்காவது இருக்கான்னு கேக்குறாங்க."

தங்கபுஷ்பம் போனைப் பார்த்தாள். பூட்டின கதவைப் பார்த்தாள். குளிர்க்கோட்டின் ஜிப்பை எதற்கோ கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்குன்னு சொல்லு" என்றாள். "மாமியாக்காரிக்கு இருக்குன்னு சொல்லு." பிறகு போனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, அந்தப் பக்கம் இருப்பவளுக்கும் தமிழ் தெரியும் என்பது போல, குனிந்து கிசுகிசுத்தாள். "ரத்தினத்துட்ட சொல்லிராண்டாம்னு அவட்டயும் சொல்லிரு."

சுபலட்சுமி முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தாள்.